வைப்பாற்றில் நாலாவது கேன்

காலை ஆறு மணிக்கு லோடு ஆட்டோ வீட்டு வாசலில் வந்து நின்றது. கோவில்பட்டியிலிருந்து சாத்தூர் வழியாக இருக்கன்குடிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். வாடகை ஆயிரத்து இருநூறு என்று பேச்சு. ஓட்டுநர் முருகேசன் இறங்கி வந்து, வாசலில் நாங்கள் குவித்து வைத்திருந்த சாமான்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு, சட்டி, அரிசிப் பை, நைலான் கயிறு ஒரு கட்டு, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் மூன்று.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி. கெடா எங்க?"

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு இப்படிச் சாமான் கட்டிக்கொண்டு போகிறவர்கள் நேர்ச்சைக் கிடாயும் சேர்த்துத்தான் கொண்டுபோவார்கள். அவர் கேட்டதில் தப்பில்லை.

"கெடா இல்ல, படகு" என்று மடித்துப் பையில் கிடந்த காற்றடைக்கும் படகைக் காட்டினேன். "இருக்கன்குடிக்குக் கீழ ஆத்துல எறங்கி, துடுப்புப் போட்டுக் கடல் வரைக்கும் போறோம். நாலு நாள்."

"எந்த ஆத்துல?"

"வைப்பாத்துல."

முருகேசன் என் மச்சினன் பாலுவைத் தோளில் கைபோட்டுத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். எனக்குக் கேட்கக் கூடாது என்று அவர் தாழ்த்திய குரல் எனக்கு மட்டும் நன்றாகக் கேட்டது. "அக்காகிட்ட சொல்லி யாராவது டாக்டர்ட்ட காட்டலாம்லா?"

கோபத்தில் வீட்டைவிட்டு ஓடியவர்கள் உண்டு. கோபத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. கோபத்தில் படகு வாங்கியவன் எங்கள் தாலுகாவில் நான் ஒருவன்தான் இருப்பேன். போன வருஷம் குடும்பத்தோடு ஆலப்புழை போயிருந்தோம். கயாக் என்கிற அந்த ஒல்லிப் படகில் என்னை உட்காரவைத்துத் துடுப்பைக் கையில் கொடுத்தவர், எந்த ஊர் என்று கேட்டார். கோவில்பட்டி என்றேன். அங்கே ஆறு உண்டா என்று கேட்டார். "ஏன் இல்லாம? வைப்பாறு இருக்கு" என்றேன். அதில் தண்ணீர் உண்டா என்று அடுத்துக் கேட்டார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்த வேகத்தில் படகு சாய்ந்து, பதிலுக்குப் பதிலாக அவர் ஊர்த் தண்ணீர் என் வாய்க்குள் போனது. நீச்சல் தெரியாது என்பதையும் அங்கேதான் என் பிள்ளைகள் தெரிந்துகொண்டார்கள்.

ஊருக்கு வந்து ஒரு மாதத்துக்குள் பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் கயாக் ஒன்றை இணையத்தில் வாங்கிவிட்டேன். காற்றடைத்தால் படகு, திறந்துவிட்டால் பெட்ஷீட். துணைக்குப் பாலு. மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். படகு அனுபவம் உள்ளவன். கொடைக்கானல் ஏரியில் அன்னப்பறவைப் படகை அரைமணி நேரம் மிதித்திருக்கிறான்.

எனக்குச் சின்னதாக ஒரு தீப்பெட்டி யூனிட். எங்கள் தொழிலில் மழை என்றால் துக்கம். குச்சி காயாது, மருந்து பிடிக்காது. மழைக்காகத் தவம் கிடக்கிற கரிசல் காட்டுக்கு நடுவில், மேகத்தைக் கண்டால் முகம் சுருங்குகிற சாதி நாங்கள். அப்படிப்பட்டவன் முதல் தடவையாக மழைக்குக் காத்திருந்தேன். மழை பெய்தால் யூனிட்டுக்கு லீவு, ஆற்றுக்குத் தண்ணீர். கைபேசி வரைபடத்தில் ஆற்றின் மேல் விரலை வளைத்து வளைத்து அளந்ததில், இருக்கன்குடியிலிருந்து வைப்பாறு கிராமத்தில் கடலைத் தொடுகிற வரைக்கும் அறுபது கிலோமீட்டர் போல வந்தது. ஒரு நாளைக்குப் பதினைந்து. இரண்டாம் ராத்திரி நாகலாபுரம் பக்கம் ஒரு கூட்டாளி வீடு, மூன்றாம் ராத்திரி விளாத்திகுளம், நாலாம் நாள் கடல். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது திட்டம்.

முதலில் ஆற்றை நேரில் போய்ப் பார்க்கவேண்டும், நீரோட்டத்தின் வேகத்தைக் கவனிக்கவேண்டும் என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலுவின் பைக்கில் ஆற்றுக்குள்ளேயே போய்ப் பார்த்தோம். நீரோட்டத்தின் வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டர் இருந்தது. டயர் புதைந்த இடங்களில் நாங்கள் இறங்கித் தள்ளினோம்.

இரண்டு கரையும் சீமைக் கருவேலம். கரை மட்டுமா, நடு ஆற்றிலும் அதுதான். முள்ளுக்குள் பைக் போகிற அளவுக்குச் சில இடங்களில் வழி இருந்தது. அந்த வழி லாரி போட்ட வழி என்பது பன்னிரண்டாவது கிலோமீட்டரில்தான் எங்களுக்குப் புரிந்தது. அங்கே ஆற்றின் தரையில் குழிகள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டை உள்ளே இறக்கலாம் போல. பக்கச் சுவரெல்லாம் மிஷின் பல் வரிவரியாகக் கோதிய தடம். மணலை மொத்தமாக வழித்துவிட்டு, அடிக் களிமண்ணைக் காயப்போட்டிருந்தார்கள். சதையைச் சுரண்டி எடுத்த எலும்பைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆலப்புழைக்காரர் மேல் இருந்த கோபம் எனக்கு அந்த இடத்தில் போய்விட்டது. அவர் கேள்வியைத்தானே கேட்டார். இவன்கள் ஆற்றையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான்கள்.

ஆழம் எவ்வளவு இருக்கும் என்று பார்க்கலாம் என பாலு டேப்பை எடுத்து ஒரு நுனியை என் கையில் கொடுத்தான். அளக்க ஆரம்பித்ததும், முதுகுக்குப் பின்னால் ஒரு கல் வந்து விழுந்தது.

"யாருய்யா அது? இன்னும் எத்தன லோடு பாக்கி? அள்ளுனது பத்தலியோ?"

சேலைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு, கையில் ஆடுகளுக்குக் குழை இழுக்கிற நீளத் தொரட்டி. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் மேட்டில் நின்றார். அவரைச் சுற்றி வெள்ளை உடம்பில் பழுப்புப் பொட்டு வைத்த செம்மறி ஆடுகள். ஒரு கை தொரட்டியில், மறு கையில் அடுத்த கல்.

"டேப்பக் கீழ போடு!"

பாலு டேப்பைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் உயர்த்தினான். நான் உயர்த்தச் சொல்லாமலே உயர்த்தியிருந்தேன்.

"நாங்க மண்ணு எடுக்க வரலம்மா. படகு விட வந்தோம்."

அவர் ஆற்றின் மேல்பக்கம் பார்த்தார். கீழ்ப்பக்கம் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் புழுதி.

"இங்கனயா?"

"தண்ணி வந்த பெறகு."

கல்லைக் கீழே போட்டுவிட்டு, தொரட்டியை ஊன்றி, சிரிக்க வசதியாக உட்கார்ந்துகொண்டார். சிரித்து முடிகிற வரைக்கும் நாங்கள் கையை இறக்கவில்லை.

அவர் பெயர் அழகம்மா. ஊர்ப் பெயரை எழுதவில்லை. எழுதினால் குழி தோண்டியவனுக்கு ஒன்றும் ஆகாது, அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் வம்பு வரும். எண்பது ஆடு அவருக்கு. அதுதான் மொத்தச் சொத்து. கோடையில் விவசாயம் பார்க்கும் சம்சாரிகளின் நிலத்தில் கிடை போடுவார். ராத்திரி ஆடுகளை நிலத்தில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் உரமாகும், அதற்குக் கூலி. விதைப்புக்குப் பிறகு காடு முழுக்க வெள்ளாமை நிற்பதால் ஆடுகளை ஆற்றுக்கு வடக்கே தரிசுக்கு ஓட்டிப்போய்விடுவார். அடைமழை பிடித்தால் அங்கே வைக்க முடியாது. கரிசல் மண் இளகினால் ஆட்டுக்கால் புதையும், இரண்டு நாள் நின்றால் குளம்பு அழுகும். ஆற்றைத் தாண்டித் தெற்கே மேட்டுக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும். முழங்கால் தண்ணீரில் ஆடுகளை இறக்கிவருகிற துறை இது. அவருக்குத் தெரிந்த நாள் முதல் அந்தத் துறை அதே இடத்தில்தான் இருந்தது, போன மழை வரைக்கும்.

"முன்னாடி போற ஆடு காலு வைக்க எடமில்லாம முங்கிட்டு. பின்னாடி வார ஆடு யோசிக்குமா? அது போன வழிதான் இதுக்கும் வழி. கத்தி மறிக்கதுக்குள்ள பதினோரு ஆடு. கோடையில நட்டமா நடந்து போன எடம் அண்ணாச்சி. தண்ணி மூடுன பெறகு எங்கன குழி கெடக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"யார்ட்டயும் சொல்லலியா?" என்றேன்.

"சொல்ல வேண்டிய எடத்துலல்லாம் சொல்லியாச்சு. ஆட்டுக்கு நீச்சல் தெரியாதான்னு கேக்காவ."

பாலு, என் மனைவியின் தம்பி, பரம சாது. மின்சாரம் தாக்கினால்கூட ஒயரிடம் மன்னிப்புக் கேட்பவன். அவன் கெட்ட வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன்.

இப்போதே குழியைச் சுற்றிக் கம்பு நட்டு வைத்தால் என்ன என்று கேட்டேன்.

"போன வருசம் நட்டோம். வெறகுக்குப் புடுங்கிட்டுப் போயிட்டான். மழைக்குள்ள இன்னும் ரெண்டு தடவ மிஷின் வரும். எந்தக் குழி எங்கன வரும்னு அந்த மிஷினுக்கே தெரியாது." சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். "நெசமாவே படகு வருமா? வந்தா ஒரு எட்டு இங்கன நிப்பாட்டி, தண்ணிக்கடியில கம்பு குத்திப் பாத்துச் சொல்லிட்டுப் போவீகளா? நாங்க எறங்கிப் பாக்க முடியாது. விளிம்புல நின்னா மண்ணு பொளந்து நம்மளயும் உள்ள இழுத்துரும்."

சரி என்றேன். என் நம்பரை வாங்கிக்கொண்டார். எந்தப் பெயரில் சேமித்தார் என்று பிறகு தெரிந்தது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. யூனிட்டைப் பூட்டிவிட்டு, வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "படகுக்காரரே, ஆறு வந்துட்டு. ஆடு வடக்கே சகதிக்குள்ள நிக்கி. நாலு ஆட்டுக்குக் காலு வீங்கிட்டு. நாளைக்குள்ள தாண்டணும். வாரியளா, வேற வழி பாக்கவா?"

வேற வழி என்றால் பாலம். பாலத்துக்கு ரோடு சுற்றிப் பதினெட்டு கிலோமீட்டர், வழியெல்லாம் இளகிக் கிடக்கிற கரிசல். அழுகிய குளம்போடு அது நடக்கிற தூரமில்லை.

அப்படித்தான் மறுநாள் காலை ஆறு மணிக்கு வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது.

எட்டு மணிக்கு இருக்கன்குடிக்குக் கீழே படகுக்குக் காற்றடித்தோம். கோயிலுக்கு வந்த கூட்டத்தில் முப்பது பேராவது பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். உயிர்காப்புச் சட்டை என் வயிற்றைச் சுற்றி வரவில்லை. தீப்பெட்டிக் கட்டுக்குக் கட்டுகிற சணலால் பாலு இறுக்கிக் கட்டினான். "பார்சல் ரெடி" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

படகில் ஏறினோம். சாமான் ஏற்றினோம். மூன்று கேனையும் ஏற்றினோம். படகு தண்ணீருக்கு மேலே இருப்பதை நிறுத்திவிட்டு, தண்ணீரோடு சமமாக இருக்க ஆரம்பித்தது. நூற்று அறுபது கிலோ தாங்கும் என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தார்கள். நான் எண்பத்து நாலு, பாலு அறுபத்திரண்டு. அறுபது லிட்டர் தண்ணீர் அறுபது கிலோ இருக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"ஆத்துல போறதுக்கு எதுக்கு அண்ணாச்சி தண்ணி?" என்று கேட்டது அதே குரல்.

எங்கள் பக்கம் யார் எங்கே கிளம்பினாலும் முதலில் எடுத்து வைப்பது தண்ணீர். காட்டுக்கு, கல்யாணத்துக்கு, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு எங்கே போனாலும் கேன் முன்னே போகும், ஆள் பின்னே போவான். ஆற்றுக்குப் போகும்போது மட்டும் கேனை விட்டுவிட்டு வர எங்கள் கை பழகவில்லை. போதாததற்கு, "ஆத்துத் தண்ணி ஒரு சொட்டு வாயில பட்டுச்சுன்னா வீட்டுக்குள்ள வராதீய" என்று மனைவியின் உத்தரவு. ஒரு கேனை இறக்கிக் கரையில் வைக்கப் போனபோது அது கை நழுவி ஆற்றில் விழுந்தது. விழுந்த கேன் மிதந்தது. தத்துவ ஞானம் பிறந்தது. மூன்றையும் கயிற்றில் கோத்துப் படகுக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி இனிமையாக எழுத எனக்கும் ஆசைதான். செந்நிறத் தண்ணீர், மேகம் மூடிய வானம், ஒரு மீன்கொத்தியும் பார்த்தோம். ஆனால் மூக்கு விடவில்லை. மேலே எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊர்ச் சாக்கடையும் மழையோடு சேர்ந்து எங்களோடு பயணம் வந்தது. செருப்பு வந்தது, கேரி பேக் வந்தது, பிள்ளைகளுக்குக் கட்டுகிற டயப்பர் ஊதிப்போய் எங்களை முந்திக்கொண்டு போனது. பதினோரு மாதம் குப்பைக் கிடங்கு, ஒரு மாதம் சாக்கடை, நடுவில் மணல் குவாரி. ஆறு என்று ஒன்றை இத்தனை வேலைக்கு வைத்துக்கொள்கிற சனம் நாங்கள். இதில் ஆலப்புழைக்காரனிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி "இருக்கு" என்று சொன்னேனே, அதை நினைத்தால் துடுப்பால் என்னையே அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடிக்கவில்லை. படகு சாய்ந்துவிடும்.

இறங்கி டீ குடிக்கலாம் என்றால் கரையே கிடையாது. இரண்டு பக்கமும் கருவேல முள் சுவர். காற்றடைத்த படகை முள்ளுக்காட்டுக்குள் கொண்டுவந்த அறிவாளிகள் நாங்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பாலு பஞ்சர் ஒட்டுகிற டப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். "துடுப்ப யாரு போடுதது?" என்றேன். "ஆறு போடுது அத்தான், பேசாம வாங்க" என்றான். உண்மைதான். நாங்கள் வெறும் சரக்கு.

ஒன்றரை மணி வாக்கில் அழகம்மாவின் துறை வந்தது. எங்களுக்கு முன்னால் அவருடைய சத்தம் வந்தது. "ஏ படகுக்காரரே! வடக்கே ஒதுங்கும்! வடக்கே!" வடக்குக் கரையில் ஆடுகள் கூட்டமாக நின்றன. கால்கள் முட்டுவரை கறுப்புச் சகதி. மேற்கே வானம் அடுத்த மழைக்குக் கறுத்துக்கொண்டிருந்தது. ஆறு அந்த இடத்தில் அகலமாக, மெதுவாக, ஒரு சுழிகூட இல்லாமல் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீர் மாதிரி அப்பாவியாகக் கிடந்தது.

அழகம்மா தொரட்டியை நீட்டினார். பாலு வாங்கிக்கொண்டான். தெற்குக் கரையில் நிற்கிற ஒற்றைப் பனைக்கு நேராகத்தான் துறை. அந்தக் கோட்டில் நான் துடுப்புப் போட, அவன் நுனியில் குந்தித் தொரட்டியால் குத்திக் குத்திச் சொல்லிக்கொண்டு வந்தான். "முட்டளவு. முட்டளவு. முட்டளவு..." திடீரென்று தொரட்டி முழுவதும் உள்ளே போனது. பின்னாலேயே பாலுவும் தோள்வரை போனான். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தான்," என்றான் மூச்சு வாங்க, "இங்கன தரையே இல்ல."

புரட்டாசியில் அந்த இடத்தில் பைக் நிறுத்தியிருந்தோம்.

நாலு குழி கண்டுபிடித்தோம். கோட்டுக்கு இரண்டு பக்கமும் மூன்று, பனைக்கு நேர் எதிரே கோட்டின் நட்டநடுவில் ஒன்று. நடுக்குழியைச் சுற்றிக் கிழக்கே வளைந்து போனால், இரண்டு ஆள் அகலத்துக்கு முட்டளவுத் தரை இருந்தது. ஆடு போக அது போதும். ஆனால் தண்ணீருக்கு மேலே எல்லா இடமும் ஒரே செம்மண் நிறம். எது தரை, எது குழி என்று ஆட்டுக்கு யார் சொல்வது?

"அடையாளம் வைக்கணும். மெதக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்றார் அழகம்மா.

படகுக்குப் பின்னால் மூன்று நீலக் கேன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஆடின.

மூடியைத் திறந்தோம். சுத்திகரித்த தண்ணீரை, கேன் முப்பத்தைந்து ரூபாய்த் தண்ணீரை, ஆற்றில் ஊற்ற இரண்டு பேருக்கும் கை வரவில்லை. எங்கள் தெருவில் அதைச் செய்தால் ஊர்கூடி அடிப்பார்கள். அழகம்மா தன் பாட்டிலை நிரப்பிக்கொண்டு, அண்ணாந்து ஒரு மடக்கும் குடித்தார். பிறகு சொன்னார். "ஊத்துங்கய்யா. ஆத்துல தண்ணி ஊத்துத மனுசன நானும் ஒரு நாளாவது பாத்துக்கிடுதேன்."

ஊற்றினோம். காலிக் கேனை இறுக மூடிக் கயிறு கட்டினோம். மறுநுனியில் கட்டிக் குழிக்குள் இறக்கக் கனமான ஒன்று வேண்டும். அரிசியைச் சட்டியில் கொட்டிவிட்டுப் பையைக் காலி செய்தேன். படகு வந்த பையும், துணி வைத்திருந்த பையும் இருந்தன. மூன்று பையில் மணலை நிரப்பினால் தீர்ந்தது. கரையோரம் குனிந்து அள்ளினேன். களிமண். தள்ளிப்போய் அள்ளினேன். களிமண். பாலு இன்னொரு பக்கம் அள்ளிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். ஆற்றுக்குள் நின்றுகொண்டு மூன்று பை மணல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எத்தனை லாரி, எத்தனை கட்டடம், எத்தனை பேர் வீட்டுப் பூச்சு! குழியை அடையாளம் காட்டுவதற்குக்கூட ஒரு பிடி விட்டுவைக்காத வயிறு என்ன வயிறோ! நான் சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டே கரிசல் களியை அள்ளி அடைத்தேன். என் வாயில் வந்ததில் பாதியை இங்கே எழுத முடியாது. மீதிப் பாதியை அழகம்மா எடுத்துக் கொடுத்தார்.

மூன்று குழிக்கு மூன்று கேன் மிதந்தது. நாலாவது, நடுக்குழி, எல்லாவற்றிலும் பெரியது. கேன் இல்லை.

பாலு கேன்களைப் பார்த்தான். குழியைப் பார்த்தான். பிறகு என் உயிர்காப்புச் சட்டையை, குறிப்பாக அதன் நிறத்தைப் பார்த்தான். நல்ல ஆரஞ்சு.

"வேண்டாம்லே" என்றேன்.

"தூரத்துலயே தெரியுது அத்தான்."

படகை நீளக் கயிற்றில் மேல்பக்கம் ஒரு கருவேலத் தூரில் கட்டி, தொரட்டிக்கு எட்டாத ஆழத்துக்கு நேர் மேலே விட்டார்கள். நீச்சல் தெரியாத தீப்பெட்டிக்காரன், சணலால் கட்டப்பட்டு, கைபேசியை அழகம்மா கையில் கொடுத்துவிட்டு, நடு ஆற்றில் நாலாவது கேனாக உட்கார்ந்திருந்தேன்.

பாலு முன்னால் இறங்கினான். கையில் ஒரு கொத்துக் கருவேல நெற்று. ஆட்டுக்கு அது அல்வா. அந்த மரம் எங்கள் மண்ணுக்கு வந்து செய்த ஒரே உபகாரத்தை அன்று பார்த்தேன். கழுத்தில் மணி கட்டிய மூத்த ஆடு நெற்று வாசனைக்குப் பின்னால் தண்ணீரில் கால் வைத்தது. ஒரு நிமிடம் நின்றது. பிறகு மணி ஆடிற்று. பின்னால் ஒவ்வொன்றாக இறங்கின.

முதல் கேனைத் தாண்டியாயிற்று. மூத்த ஆடு எனக்குப் பக்கவாட்டில் வளைந்து திரும்பியபோது, மேலிருந்து மிதந்து வந்த ஒரு முள் கிளை படகின் இடுப்பில் செல்லமாகச் சாய்ந்தது. உஸ்ஸ் என்று சத்தம்.

நகர முடியாது. நான் நகர்ந்தால் கீழே குழி இருப்பது ஆட்டுக்குத் தெரியாது. கட்டைவிரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டேன். காற்று விரலின் ஓரத்தில் பீறிட்டது. படகின் ஒரு பக்கம் தளர்ந்து, இடுப்பு நனைந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு குட்டி வரிசையை விட்டு விலகி, என்னை என்ன நினைத்ததோ, நேராக என்னைப் பார்த்து வந்தது. அதன் பின்னால் நாலைந்து ஆடு திரும்பிவிட்டன.

"வெரட்டுங்க! வெரட்டுங்க!" அழகம்மாவின் குரல் உடைந்தது.

இரண்டு கையும் ஓட்டையில். வாய்தான் மிச்சம். குரைத்தேன். எண்பத்து நாலு கிலோ நாய் எப்படிக் குரைக்குமோ அப்படி, அடிவயிற்றிலிருந்து, பதினோரு ஆட்டுக்கும் ஒரு ஆற்றுக்கும் சேர்த்துக் குரைத்தேன். குட்டி வெருண்டு திரும்பித் தாயின் வயிற்றில் போய் முட்டியது. பின்னால் வந்தவையும் திரும்பின. வரிசை கூடிவிட்டது. குரைப்பதை நிறுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கடைசி ஆட்டுக்குப் பின்னால் அழகம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரையேறினார். மேட்டில் நின்று எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். "எல்லாம் வந்துட்டு" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாலு கயிற்றைப் பிடித்து இழுக்க, கழுத்தளவு தண்ணீரில் பாதிப் படகும் நானும் கரை சேர்ந்தோம்.

தெற்குக் கரைப் பாதையில் பைக்கில் வந்த ஒரு ஆள் வண்டியை நிறுத்தினான். வெள்ளைச் சட்டை. ஆற்றைப் பார்த்தான்.

"யாரக் கேட்டு ஆத்துக்குள்ள கேனப் போட்டீங்க?"

எனக்குக் குரைத்ததில் தொண்டை போயிருந்தது. பதில் சொன்னது பாலு. ஒயரிடம் மன்னிப்புக் கேட்கிற பாலு. "குழி தோண்டும்போது யாரக் கேட்டீய? அவியகிட்டயே போயிக் கேளுங்க. நாங்க இங்கனதான் இருக்கோம்."

அந்த ஆள் எங்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். அழகம்மா சகதியும் சட்டையுமாகத் தொரட்டியோடு முன்னால் போய் நின்றார். "என்னயும் சேத்து எடு. வெயில் வந்து தரை காஞ்சதும் ஆட்டத் திரும்ப வடக்கே கொண்டுபோகணும். அதுக்குள்ள ஒரு கேனு கொறஞ்சாலும் இந்தத் தொரட்டியோட உன் வீட்டு வாசலுக்குத்தான் வருவேன். வீடு தெரியும்." வண்டி கிளம்பிப் போய்விட்டது.

மேகம் கிட்டே வந்துவிட்டது. டப்பாவில் இருந்த பஞ்சர் ஒட்டு அந்தக் கிழிசலில் பாதிக்குக்கூடப் போதவில்லை. நாகலாபுரம் கூட்டாளிக்குப் போன் போட்டு, உலை வைக்கவேண்டாம் என்றேன். அறுபதில் பன்னிரண்டு கிலோமீட்டர். அழகம்மா பால் இல்லாத வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, "கீழ இன்னும் ரெண்டு ஊருக்கு இதே மாதிரி துறை இருக்கு. அங்கயும் ஆடு இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவருடைய போனில் என் பெயர் 'படகுப் பைத்தியம்' என்று இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதை மாற்றப்போவதாகவும் சொன்னார். என்னவாக என்று சொல்லவில்லை.

சாயங்காலம் முருகேசனின் லோடு ஆட்டோ பெரிய ரோட்டில் எங்களுக்காக நின்றது. படகு இருந்த கோலத்தைப் பார்த்தார். "கடல் பாத்தாச்சா அண்ணாச்சி?"

"குழி பாத்தாச்சு" என்றேன். அதற்குப் பிறகு கோவில்பட்டி வரைக்கும் அவர் பாட்டுப் போடவில்லை.

நாலு நாள் பயணம் போய்வந்தவன் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ஒரே நாளில் திரும்பியவன் ஒரு வார்த்தை சொல்கிறேன். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரும் நாள் அபூர்வம். வருகிற நாளில் தெருவே குடத்தோடு நின்று, பிந்தி வந்தவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும். ஒரு குடத்துக்கு அவ்வளவு கோபம் இருக்கிற எங்களுக்கு, ஒரு ஆறு போனதற்கு மட்டும் கோபம் வரவில்லை. எனக்கும் வரவில்லையே, ஆலப்புழையில் ஒருவர் மரியாதையாகக் கேட்கிற வரைக்கும்.

மறுநாள் காலை கேன் போடுகிற சுப்பையா வந்தார். தோளில் தண்ணீர்க் கேன். வாசலில் காலிக் கேனைத் தேடினார்.

"எம்ப்டி மூணு வரணுமே அண்ணாச்சி."

"ஆத்துல நிக்கி" என்றேன். தொண்டை இன்னும் சரியாகவில்லை. கைபேசியில் அழகம்மா எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். நீலக் கேன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற ஆட்டு வரிசை. சுப்பையா நெடுநேரம் பார்த்தார்.

"எப்ப திரும்பி வரும்?"

"குழிய மூடுனதும் வந்துரும்."

அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அப்ப மூணு புதுக் கேனுக்குக் காசு குடுத்துருங்க அண்ணாச்சி."

உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தேன். கீழே இருக்கிற இரண்டு துறைக்கும் சேர்த்து ஒன்பது கேனுக்குக் கொடுத்தேன்.